கனடியத் தேசிய இலக்கியத்தில் தெற்காசியப் புலம்பெயர் எழுத்து: களமும் மொழியும்

முன்னுரை

ஒரு படைப்பைத் தேசிய இலக்கியத்துள் சேர்ப்பது கதைக்களமா, ஆசிரியரின் குடியுரிமையா, எழுதப்பட்ட மொழியா என்னும் வினா கனடாவில் கூர்மை பெறுகிறது. அந்நாட்டின் கவர்னர் ஜெனரல் இலக்கிய விருது இவ்வினாவுக்கு விடை காண ஏற்ற சான்றாகும்.

தடையாகாத களம்

ரோகின்டன் மிஸ்திரியின் ‘சச் எ லாங் ஜர்னி’ 1991இல் இவ்விருதைப் பெற்றது. 1971ஆம் ஆண்டுப் போர்ச்சூழலில் பம்பாய்ப் பார்சிக் குடும்பம் ஒன்றின் வாழ்வே அதன் பொருள். 2000இல் விருது பெற்ற மைக்கேல் ஒண்டாச்சியின் ‘அனில்ஸ் கோஸ்ட்’ இலங்கைப் போர்க்காலத்துக் கொலைகளையும் காணாமற்போனோரையும் பேசுகிறது. ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) நாவலில் கனடா, 1983 ஜூலை வன்முறைக்குப் பின் குடும்பம் சென்றடையவிருக்கும் நாடு மட்டுமே. ஆயினும் அது கனடாவில் முதல் நாவலுக்கான விருது பெற்றது. எனவே, கனடிய மண் கதைக்களமாக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனையன்று.

எல்லையாகும் மொழி

அ. முத்துலிங்கத்தின் ‘கடவுள் தொடங்கிய இடம்’ அகதியாகக் கனடா நோக்கிச் செல்லும் ஈழ இளைஞனின் பயணத்தைச் சித்திரிக்கிறது. அதன் ஆசிரியர் வாழ்வதும் கனடாவில்தான். பொருளால் மேற்கண்ட நாவல்களைவிடக் கனடாவுக்கு நெருக்கமான இப்படைப்பு விருதின் வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஏனெனில் விருது ஆங்கில, பிரெஞ்சு நூல்களுக்குரியது. மொழிபெயர்ப்புப் பிரிவும் அவ்விரு மொழிகளுக்கிடையிலான பெயர்ப்பையே முதன்மையாகக் கருதி அமைந்தது. ஆகவே, சேரனின் கவிதைகளைச் செல்வா கனகநாயகம் ஆங்கிலமாக்கியது போன்ற முயற்சிகளுக்கு வாசகர் கிடைக்கலாம். நிறுவன ஏற்பு எளிதன்று.

இந்நிலையின் வேர் அரசின் கொள்கையில் உள்ளது. 1969ஆம் ஆண்டின் அலுவல் மொழிகள் சட்டத்தையடுத்து 1971இல் அறிவிக்கப்பட்ட பன்பண்பாட்டுக் கொள்கை, இருமொழிச் சட்டகத்துக்குள் அமைந்தது. பண்பாடுகள் பல என ஏற்கப்பட்டன. மொழிகள் இரண்டாகவே நின்றன. இதன் விளைவாகத் தெற்காசிய நினைவு ஆங்கிலத்தில் வரும்போது தேசிய இலக்கியமாகிறது. தமிழில் வரும்போது சமூகக் குழு ஒன்றின் எழுத்தாகச் சுருங்குகிறது.

தமிழ்த் திறனாய்வும் இதில் பங்குடையது. ‘புலம்பெயர் இலக்கியம்’ என்னும் வகைப்பாடு விட்டுவந்த நிலத்தையே அளவுகோலாக்குகிறது. கனடாவில் எழுதப்பட்டுச் சென்னையில் அச்சாகும் நூல், சென்றடைந்த நாட்டின் இலக்கியமாகவும் வாசிக்கப்பட வேண்டும் என்பதை அது மறைத்துவிடுகிறது.

முடிவுரை

தெற்காசிய எழுத்தாளர் சிலர் பெற்ற விருதுகளைக் கொண்டு கனடிய இலக்கியம் பன்மை எய்திவிட்டது எனக் கொள்வது முழுமையற்றது. அது களத்தின் பன்மையே. மொழியின் பன்மை அன்று. ஒரே நகரில், ஒரே போரின் நினைவோடு, இரு மொழிகளில் எழுதுவோரை இணைத்து வாசிக்கும் ஒப்பியலாய்வே இவ்விடைவெளியைத் தெளிவாக்கும்.