வாயிற்காவலரும் வாய்ப்புக் கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பள்ளிப் படிப்பின் இறுதியாண்டை எய்தும் மாணவரிற் பலர், தாம் சேர விரும்பும் புகழ்பெற்ற கல்லூரியில் இடங்கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பதிலேயே மாதக்கணக்கைக் கழிக்கின்றனர். கல்லூரி வெளியிடும் அநுமதி வீதத்தை ஒருபுறமும், சென்ற ஆண்டு அநுமதி பெற்றோரின் பரீட்சைப் புள்ளிகளை மறுபுறமும் வைத்து, தம் புள்ளி அவற்றிடையே எங்கு நிற்கிறதென அளந்து, கைக்கெட்டாதது, பொருந்துவது, நிச்சயமானது எனக் கல்லூரிகளை மூன்றாக வகுத்துக்கொள்கின்றனர். இதற்கென வழிகாட்டி நூல்கள் உண்டு. ஆயிரக்கணக்கான டொலர் பெற்று ஆலோசனை கூறும் தனியாரும் உளர். 2024 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் கல்லூரிக்கு விண்ணப்பித்தோர் 54,008 பேர். அநுமதி பெற்றோர் 1,937 பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. இந்த எண்ணையே தன் வாய்ப்பெனக் கொண்டு மாணவன் கணக்கைத் தொடங்குகிறான்.

இது கணக்கே அன்று என்பது நம் கருத்து. அதனை நிறுவுதற்கு வேண்டிய வரலாற்றுச் சான்றுகளை ஒருசேரத் தந்த நூல், பேர்க்ளியிலே சமூகவியல் கற்பித்த ஜெரோம் கரபெல் 2005 இல் வெளியிட்ட 'த சோஸன்', அதாவது 'தெரிந்தெடுக்கப்பட்டோர்'. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்ரன் ஆகிய மூன்று நிறுவனங்களின் பழைய கோவைகளையும் கடிதங்களையும் துருவி, எழுநூறு பக்கங்களுக்கு மேலாக எழுதப்பட்ட இந்நூலைக் கல்வியில் அக்கறையுள்ள ஆசிரியர் எவரும் படித்தல் வேண்டும். படித்தபின் அதன் குறையையும் சொல்லுதல் வேண்டும்.

குலுக்குச் சீட்டிலே ஒவ்வொரு சீட்டும் மற்றொன்றுக்குச் சமம். ஆகவே அங்கே நூற்றுக்கு இத்தனை என்று சொல்வதற்குப் பொருளுண்டு. பொதுப் பரீட்சையிலே வெட்டுப்புள்ளி உண்டு. அதனைத் தாண்டினவன் உள்ளே, தாண்டாதவன் வெளியே. ஹார்வர்டின் அநுமதி இவ்விரண்டிலும் சேராதது. ஆசிய வம்சாவளி மாணவர்க்கு ஓரவஞ்சனை செய்யப்படுகிறதென 2014 இல் தொடரப்பட்ட வழக்கு, 2018 இல் பொஸ்ரன் நகரில் விசாரணைக்கு வந்தபோது, அதுகாறும் பூட்டிக்கிடந்த ஆவணங்கள் வெளிவந்தன. விளையாட்டுக்கெனச் சேர்க்கப்படுவோர், பழைய மாணவரின் பிள்ளைகள், கல்லூரி ஊழியரின் பிள்ளைகள், நன்கொடையாளர் முதலியோரின் பொருட்டு அதிபதிகள் தனியே குறித்துவைக்கும் பட்டியலிலுள்ளோர் ஆகிய நான்கு சாராரும் விண்ணப்பதாரருள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. அநுமதி பெற்றோருள் ஏறத்தாழ முப்பதின்மர். அநுமதி பெற்ற வெள்ளையரை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 43 பேர் இந்நால்வகையினர். இவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் சாதாரண விண்ணப்பதாரராக மதிக்கப்பட்டிருந்தால் இடம் பெற்றிரார் என, வழக்குத் தொடுத்தோர் பக்கத்துப் பொருளியலாளர் கணித்தனர். ஆக, வாயிலில் நிற்போர் ஒரே வரிசையில் நிற்கவில்லை. நூற்றுக்கு மூன்றரை என்ற எண் எந்த மாணவனுக்கும் உரியதன்று. தொழிலாளியின் மகனுடைய வாய்ப்பையும் கொடைவள்ளலின் மகனுடைய வாய்ப்பையும் கூட்டி வகுத்தால் வருவது அது.

அவ்வழக்கின் முடிவும் மனங்கொளத்தக்கது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் கறுப்பின மாணவர் முதலியோருக்கு இனம் நோக்கி அளிக்கப்பட்ட சலுகையை நீக்கிற்று. பழைய மாணவரின் பிள்ளைகளுக்குள்ள சலுகையைத் தொடவில்லை.

இவ்வாறான முறை எவ்வாறு தோன்றியது? கரபெல்லின் நூல் சிறப்பது இவ்விடத்திலேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கல்லூரிகள் தாமே பரீட்சை நடத்தின, சித்தியடைந்தவன் சேர்ந்தான். அது சமத்துவமான முறையென்று எவரும் மயங்க வேண்டியதில்லை. இலத்தீன் போன்ற பாடங்களைச் செல்வர்தம் தனியார் பள்ளிகளே செவ்வையாகக் கற்பித்தன. எனினும் விதி வெளிப்படையானது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதத் தொழிலாளரின் பிள்ளைகள் அவ்விதியைக் கற்றுக்கொண்டனர், பரீட்சையில் வென்றனர், 1922 அளவில் ஹார்வர்ட் மாணவருள் ஐந்தில் ஒரு பங்கினராயினர். உடனே விதி மாறிற்று.

கல்லூரித் தலைவர் லோவெல் முதலில் யூதர்க்கு வெளிப்படையான வரம்பு விதிக்கவே விரும்பினார். எதிர்ப்பு எழுந்தது. 1923 இல் ஆசிரியர் குழு அதற்கு இணங்கவில்லை. நேர்வழி அடைபட்டதும் சுற்றுவழி திறந்தது. 1922 இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பப் படிவத்திற் புதிய வினாக்கள் நுழைந்திருந்தன: உன் இனமும் நிறமும் யாவை? உன் தாயின் கன்னிப்பெயர் யாது? நீ பிறந்தபின் உன் பெயரேனும் உன் தந்தையின் பெயரேனும் மாற்றப்பட்டதுண்டா? 1926 இல் முதலாண்டு மாணவர் தொகை ஆயிரமென வரையறுக்கப்பட்டது. அவர்களைத் தெரிவதற்குப் புள்ளியோடு 'குணநலனும்' அளவுகோலாயிற்று. நிழற்படமும் நேர்முகமும் சான்றுக் கடிதமும் முதன்மை பெற்றன. 1925 இல் காற்பங்குக்கு மேலிருந்த யூத மாணவர் தொகை சில ஆண்டுகளில் நூற்றுக்குப் பதினைந்தளவிற்கு இறங்கிற்று. வரம்பென்ற சொல்லை எழுதாமலே வரம்பு நிறைவேறிற்று. நற்சான்றுப் பத்திரம் எழுதிப் பழகிய ஆசிரியராகிய நாம் இப்பக்கங்களைச் சங்கடமின்றிப் படித்தல் அரிது.

மாணவனை முழு மனிதனாக நோக்கும் முறையென இன்று போற்றப்படுவது இந்த முறையையே. கட்டுரையும், விளையாட்டும், தலைமைப் பண்பும், ஆசிரியர் கடிதமும் பார்க்கப்படுவதிலே தம்மளவிற் குற்றமில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு நிறை என்பது வெளியிடப்படாத இடத்தில், அந்நிறையை அன்றன்று மாற்றும் உரிமை வாயிற்காவலனுக்கே உரியதாகிறது. ஹார்வர்ட் தன் விண்ணப்பதாரருக்கு இன்றும் 'ஆளுமைப் புள்ளி' இடுகிறது. மேற்கூறிய வழக்கில், கல்விப் புள்ளியில் முன்னின்ற ஆசிய வம்சாவளி மாணவர் ஆளுமைப் புள்ளியிற் சராசரியாகப் பின்னின்றமை தெரியவந்தது. அதில் வேண்டுமென்றே செய்த வஞ்சனை இல்லையென 2019 இல் விசாரணை நீதிபதி தீர்ப்பளித்தார். இருக்கலாம். லோவெல்லின் காலத்தையும் உடன்வைத்து நோக்குவோர்க்கு வேறொரு வினாவும் எழாமற் போகாது.

தகுதி என்பதன் வரையறை நிலையானதன்று, அதனை விதிக்கும் வலுவுடையோரின் விழுமியத்தையும் நலனையும் ஒட்டியே அது மாறுகிறது என்பது கரபெல்லின் முடிபு. ஒரு காலத்தில் இலத்தீன், பின்னர் குணநலன், பின்னர் பரீட்சைப் புள்ளி, பின்னர் பன்முகத் தன்மை. யேலில் 1965 இல் அநுமதிப் பொறுப்பேற்ற இன்ஸ்லி கிளார்க் என்பார் புகழ்பெற்ற தனியார் பள்ளிகளின் பிடியைத் தளர்த்திப் பொதுப் பள்ளி மாணவரைக் கூடுதலாகச் சேர்த்தபோது, பழைய மாணவர் கொதித்தெழுந்த கதையை அவர் நயம்படக் கூறுகிறார். நன்கொடை என்னும் கடிவாளம் யாருடைய கையிலிருக்கிறது என்பது அவ்வேளை யாவர்க்கும் தெரிந்தது.

புள்ளி ஒன்றையே நோக்கினால் நியாயம் கிட்டுமென்பாரும் உளர். 1926 இல் முதன்முதல் நடத்தப்பட்ட எஸ்.ஏ.ரி. பரீட்சையின் புள்ளி, குடும்ப வருமானத்தோடு ஏறியிறங்குவது அறிந்த செய்தி. தகுதியாட்சி என்ற சொல்லைப் பரவச்செய்த மைக்கேல் யங், 1958 இல் அதனை ஓர் எள்ளல் நூலிலேயே கையாண்டார் என்பதையும் அச்சொல்லை இன்று மந்திரம்போல் உச்சரிப்போர் மறந்துவிட்டனர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 1970 களின் தொடக்கத்தில் நம் நாட்டிலே தரப்படுத்தல் வந்தபோது, தமிழ்மொழி மூலம் பரீட்சை எழுதியோர் கூடிய புள்ளி பெறவேண்டியிருந்தது. அந்த அநீதி எண்ணிலே எழுதப்பட்டிருந்தது. ஆகவே அதனைச் சுட்டிக்காட்ட முடிந்தது, எதிர்க்க முடிந்தது. இன்று இசட் புள்ளியை வைத்துக்கொண்டு சென்ற ஆண்டின் மாவட்ட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடும் நம் மாணவன், பிழையான முறையென்று கருதினாலும் எதனைப் பிழையென்பது என்றறிவான். ஹார்வர்டினால் நிராகரிக்கப்பட்டவனுக்கு அவ்வறிவும் இல்லை. அவனிடம் உள்ளது மரியாதை ததும்பும் கடிதம் ஒன்றே.

அக்கடிதம் மாணவன் உள்ளத்தில் விளைப்பது யாது? பரீட்சையில் தவறினவன், இந்தக் கணக்கை நான் பிழைவிட்டேன் என்பான். முழு மனிதனாக அளக்கப்பட்டுத் தள்ளப்பட்டவன் தன்னையே குறைவுடையவனாகக் காண்கிறான். வேறோர் எதிரி தென்படாதபோது மனம் தன்மேலேயே பாயும். வென்றவனும் தன்னளவில் முழுமை பெற்றோனென எண்ணிக்கொள்கிறான். தந்தையின் பணம் அவன் நினைவில் வருவதில்லை. இதற்கிடையிலே, வாய்ப்பை உயர்த்துதற்காக வாழ்க்கையே வனையப்படுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை ஏழைகளுக்குத் தொண்டு செய்வதும் வயலின் பயில்வதும் விண்ணப்பத்தில் ஒரு வரியாகும் பொருட்டே. வாசிப்பிலும் இரக்கத்திலுங்கூட விலைச்சீட்டைத் தொங்கவிடும் கல்வியை எவ்வாறு கல்வியென்பது? 2019 மார்ச்சில் அம்பலமான ஊழலிலே, நடிகைகளும் நிதி முதலாளிகளும் தம் பிள்ளைகளைப் போலி விளையாட்டு வீரராகக் காட்டியும், பரீட்சைப் புள்ளியைத் திருத்துவித்தும் இடம் வாங்கியபோது நாடே அதிர்ந்ததாகச் சொல்லப்பட்டது. முன்வாயிலில் முறைப்படி நடக்கும் வணிகத்தைப் பின்வாயிலில் மலிவான விலைக்குச் செய்ததே அவர்தம் குற்றம்போலும்.

வாய்ப்புக் கணக்கின் மிகக் கொடிய விளைவு, கணக்குப் போட்டுத் தோற்றவரிடத்திலன்று, போடாமலே விலகினவரிடத்திலேயே காணப்படுகிறது. கரோலின் ஹொக்ஸ்பி, கிறிஸ்டோபர் எவெரி என்னும் ஆய்வாளர், உயர்ந்த புள்ளி பெற்ற ஏழை மாணவருள் மிகப் பெரும்பாலோர் இத்தகைய கல்லூரி எதற்கும் விண்ணப்பிப்பதேயில்லை என 2013 இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளக்கூடிய கல்லூரிகள் இருந்தன. போதிய உதவிப்பணமும் இருந்தது. அவர்தம் ஊரில் அவ்வழி சென்றவர் எவருமில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளையோ முற்கூட்டிய சுற்றிலேயே விண்ணப்பிக்கிறான். கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று வாக்களிப்பவனுக்குச் சில கல்லூரிகள் வாயிலைச் சற்று அகலத் திறக்கின்றன. எவ்வளவு உதவிப்பணம் கிடைக்குமென ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு அவ்வாக்கை அளிப்பது எளிதன்று. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜோன் பிரீட்மன் ஆகியோர் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே பரீட்சைப் புள்ளி பெற்றோருள், வருமானத்தில் மேல் நூற்றில் ஒரு பங்கினரின் பிள்ளைகள் நடுத்தர வர்க்கப் பிள்ளைகளிலும் இரு மடங்குக்கு மேலாக அப்பன்னிரண்டு உயர்கல்லூரிகளிற் சேர்கின்றனர். மாநிலங்களின் தலையாய பொதுப் பல்கலைக் கழகங்களில் இவ்வேற்றத்தாழ்வு காணப்படவில்லை. புள்ளி ஒன்றாயிருந்தும் வாய்ப்பு இரண்டாவது எதனால் என்பதற்கு அவர்கள் காட்டும் காரணங்கள் பழைய மாணவர் உரிமை, விளையாட்டுச் சேர்க்கை, கல்விக்குப் புறம்பான தகுதிகளுக்கு அளிக்கும் நிறை என்பன. லோவெல் காலத்துக் கருவிகள் துருப்பிடிக்கவில்லை.

இனி நூலின் குறை. கரபெல் வாயிற்காவலரை நன்கறிவார். லோவெல், கோனன்ற், பென்டர், புரூஸ்ரர் என அத்தியாயந்தோறும் தலைவர்களும் அநுமதி அதிகாரிகளும் உயிரோடு உலவுகின்றனர். தடுக்கப்பட்டோர் பெரும்பாலும் எண்களாகவே வந்துபோகின்றனர். சான்றுகள் வாயிற்காவலரின் அலுமாரியிலிருந்து வந்தவை என்பதனால் இது நேர்ந்தது எனலாம். அதனினும் பெரிய குறை, யார் தெரியப்பட்டார் என்ற வினா, ஏன் இத்துணைச் சிலரே தெரியப்படவேண்டும் என்ற வினாவை மறைத்துவிடுகிறது. 1926 இல் ஹார்வர்ட் விதித்த வரம்பு ஆயிரம். இன்று பெண்களையும் உட்படுத்தி முதலாண்டிற் சேர்வோர் ஏறத்தாழ 1,650 பேர். இதற்கிடையில் அந்நாட்டு மக்கட்டொகை மூன்று மடங்களவிற் பெருகிற்று; கல்லூரியின் மூலதன நிதியோ ஐம்பது பில்லியன் டொலருக்கு மேல். இடமின்மை இங்கே இயற்கையன்று. அருமையே அந்நிறுவனம் விற்கும் சரக்கு.

தெரிந்தெடுக்கப்படாதோர் எங்கே சென்றனர் என்று தேடினால் நியூயோர்க்கின் சிற்றி கல்லூரியை அடைவோம். 1847 இல் அந்நகர மக்களின் வாக்கினாற் கட்டணமின்றித் தொடங்கப்பட்ட அக்கல்லூரி, ஹார்வர்டின் வாயில் ஒடுங்கிய காலத்தில் யூதத் தொழிலாளரின் பிள்ளைகளை ஏற்றது. 1969 வசந்தத்தில் கறுப்பின மாணவரும் புவேர்ட்டோ ரிக்கோ மாணவரும் அதன் வளவில் ஒரு பகுதியைக் கைப்பற்றி, தம் இனத்தவர்க்கும் அவ்வாயில் திறக்கப்படவேண்டுமெனக் கோரினர். 1970 இலையுதிர் காலம் முதல் அந்நகரத்து உயர்பள்ளிகளிற் படித்துமுடித்த ஒவ்வொருவருக்கும் நகரப் பல்கலைக் கழகத்தில் ஓரிடம் உறுதியாயிற்று. அவ்வாண்டு அந்நகரத்து மாணவன் அங்கே நுழைவதற்குத் தன் வாய்ப்பைக் கணக்கிட வேண்டியிருக்கவில்லை. ஆறாண்டுகளின் பின், 1976 இல், நகரத்தின் நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக இலவசமாயிருந்த கல்விக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது.