முகாமுக்கு வராதவர்கள்

விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலையால் அறியப்பட்டிருந்த இந்த ஊர், 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு மாவட்டத்துக்கே மருத்துவமனை ஊராகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் "முண்டியம்பாக்கம் கொண்டு போங்க" என்றால் அதற்கு ஒரே பொருள்தான். இவ்வளவு பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தும், இந்தப் பகுதிக் கிராமச் சுவர்களில் "இலவசக் கண் சிகிச்சை முகாம்" என்ற சுவரொட்டி நின்றபாடில்லை. அடியில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும்: ஓர் அரிமா சங்கம் அல்லது ரோட்டரி சங்கம், ஒரு கண் மருத்துவமனை, மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம். சிறு நகரத்துச் சேவைச் சங்கங்களின் பலமும் பலவீனமும் அந்த முகாமைப் போல வேறெங்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

சங்கங்கள் கண் மருத்துவத்தைத் தங்கள் பணியாக எடுத்துக்கொண்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 1925இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நடந்த அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றோருக்காகப் போராட அரிமாக்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு சிகாகோவில் தொழில் செய்வோரைக் கூட்டித் தொடங்கப்பட்ட அமைப்புக்கு அந்த வேண்டுகோள் ஒரு நிரந்தர வேலையைக் கொடுத்தது. 1956இல் அரிமா இயக்கம் இந்தியா வந்தபோது அந்த வேலையும் கூடவே வந்தது. தமிழ்நாட்டில் அதற்குத் துணையாக அமைந்தது மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் புதுச்சேரி மருத்துவமனை 2003இல் திறக்கப்பட்ட பிறகு விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து முதியவர்களுக்கு நல்ல கண் மருத்துவம் பேருந்து எட்டும் தூரத்துக்கு வந்தது.

முகாமின் வேலைப் பங்கீடு எளிமையானது. பள்ளிக்கூடத்தையோ கல்யாண மண்டபத்தையோ பிடிப்பது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிப்பது, மேசை நாற்காலி போடுவது, சாப்பாடு ஏற்பாடு செய்வது எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. பரிசோதனை, அறுவை சிகிச்சை, உள்விழி லென்ஸ், மருத்துவமனைக்குப் போய்வரும் வண்டி எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. பள்ளிக்கூட வகுப்பறையிலேயே அறுவை செய்த காலம் மலையேறிவிட்டது. இன்று கண்புரை உள்ளவர்கள் மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லப்படுகிறார்கள். லென்ஸ் விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரவிந்த் அமைப்பின் ஆரோலேப் 1992இல் உள்ளூரிலேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியிராவிட்டால், ஏழைக்கும் லென்ஸ் வைப்பது இவ்வளவு சாதாரணமாகியிருக்காது.

இந்த ஏற்பாட்டில் சங்கம் செய்வது சிறிய வேலை போலத் தெரியும். உண்மையில் அதுதான் மருத்துவமனையால் செய்ய முடியாத வேலை. எந்த ஊரில் யாரிடம் சொன்னால் செய்தி பரவும், எந்த வாரம் கரும்பு வெட்டு, எந்த ஞாயிறு திருவிழா என்பதெல்லாம் உள்ளூர் மளிகைக் கடைக்காரருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் தெரியும். உரக்கடையில் கடன் கொடுத்து வாங்கிப் பழகிய முகம் கூப்பிட்டால் ஒரு பாட்டி நம்பி வண்டியில் ஏறுவாள். அந்த நம்பிக்கையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. சேவைச் சங்கங்களின் முதல் சொத்து அதுதான்.

ஆனால் வண்டியில் ஏறியவர்கள் எத்தனை பேர், ஏறாதவர்கள் எத்தனை பேர்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரவிந்த் குழுவினரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. முகாம் நடந்த பகுதிகளில் கண் கோளாறு இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை என்று அது கண்டது. வராதவர்கள் சொன்ன காரணங்கள் பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு. சிகிச்சை இலவசம்தான். ஆனால் துணைக்கு வரும் மகளின் இரண்டு மூன்று நாள் கூலி போகும், ஆட்டை யார் மேய்ப்பது, பேரப்பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? 'இந்த வயசுக்கு மேல பார்வை எதுக்கு' என்று வீட்டார் சொல்லும் ஒரு வார்த்தை போதும், அந்தப் பாட்டி திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

அந்த முடிவை ஆய்வு நடத்திய மருத்துவமனையே பாடமாக எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் முகாமை மட்டும் நம்பாமல், 2004 முதல் கிராமப்புறங்களில் நிரந்தரக் கண் மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதித்து, இணையம் வழியே மருத்துவரிடம் காட்டி, கண்ணாடி தருகிறார்கள் அல்லது அறுவைக்கு அனுப்புகிறார்கள். தன் குறையைத் தானே எண்ணிப் பார்த்து வழியை மாற்றிக்கொண்ட அந்த நேர்மை சேவைச் சங்கங்களுக்கும் வேண்டும். சங்க அறிக்கைகளில் 'பயன்பெற்றோர்' என்ற எண் இருக்கிறது. வராதவர் எண் இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குத் திரும்பியவர் எண்ணையும் அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது.

மறுபரிசோதனையை ஏன் வற்புறுத்த வேண்டும் என்பதற்கு இந்த மாவட்டத்துக்கே ஒரு கசப்பான நினைவு உண்டு. 2008 ஜூலையில், அன்றைய விழுப்புரம் மாவட்டக் கிராமத்தில் நடந்த முகாமிலிருந்து பெரம்பலூரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு கண்புரை அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் பார்வை இழந்தார்கள். கூலிக்குப் போய்ச் சாப்பிட்டவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறை வரை போனது. தண்டனைத் தீர்ப்பு 2021இல்தான் வந்தது. இதைச் சொல்வது முகாம்களைப் பழிப்பதற்காக அல்ல. லட்சக்கணக்கானோர் முகாம் வழியேதான் பார்வை பெற்றிருக்கிறார்கள். ஆனால் ஒரு சங்கம் தன் பெயரைச் சுவரொட்டியில் போடும்போது கிராமத்து மனிதர் அந்தப் பெயரை நம்பித்தான் வருகிறார். அறுவை அரங்கின் கிருமிநீக்க நிலை என்ன, தொற்று ஏற்பட்டால் யார் பொறுப்பு, இரவில் கண் வலித்தால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று மருத்துவமனையிடம் கேட்டு எழுதி வாங்குவது சங்கத்தின் கடமை. ஏழைக்காகக் கேள்வி கேட்க வேறு யாரும் அந்த மேடையில் இல்லை.

இந்தக் குறைகளுக்கு மனிதர்களின் மனம் காரணமல்ல, காலண்டர்தான் காரணம். அரிமா, ரோட்டரி இரண்டிலும் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் பன்னிரண்டு மாதத்துக்குத்தான். பதவியேற்பு விழாவில் சங்கத்தின் மாவட்ட ஆளுநர் முன்னிலையில் தையல் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, மூன்று சக்கர சைக்கிள் வழங்கப்படுகின்றன, படம் எடுக்கப்படுகிறது, மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வருகிறது. அடுத்த ஜூலையில் வரும் தலைவர் போன தலைவரின் வேலையைத் தொடர்ந்தால் அவர் பெயருக்கு எதுவும் நிற்காது. அதனால் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார். தையல் இயந்திரம் வாங்கிய பெண்ணுக்குத் தைக்கத் துணி வந்ததா, இயந்திரத்தின் பட்டை அறுந்தபோது யார் மாற்றிக் கொடுத்தார்கள், சைக்கிளின் டயர் தேய்ந்தபோது அந்த மாற்றுத்திறனாளி என்ன செய்தார் என்று கேட்க அமைப்பில் ஆளே இல்லை.

ஓராண்டுப் பதவி இருந்தும் விடாப்பிடியாக ஒரு வேலையை முடிக்கச் சங்கங்களால் முடியும் என்பதற்கு வேலூரே சாட்சி. அங்கே கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1980களில் போலியோ சொட்டு மருந்தை ஊர் முழுக்க ஒரே நாளில் கொடுக்கும் முறையைச் செய்து பார்த்தபோது உள்ளூர் ரோட்டரி சங்கம் கூட நின்றது. பன்னாட்டு ரோட்டரி 1985இல் போலியோ ஒழிப்பை உலகத் திட்டமாக ஏற்றது. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். நாடு போலியோ அற்றது என்று 2014 மார்ச்சில் சான்று கிடைத்தது. இடையில் எத்தனையோ தலைவர்கள் வந்து போனார்கள், வேலை மாறவில்லை. காரணம், இலக்கு ஒருவருடைய ஆண்டோடு கட்டப்படவில்லை. வேலை அரசின் சுகாதாரத் துறையோடு பிணைக்கப்பட்டிருந்தது.

ரத்த தான முகாம்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பணத்துக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 1998 முதல் தடைசெய்யப்பட்ட பிறகு, அரசு ரத்த வங்கிகள் தன்னார்வக் கொடையாளர்களைத்தான் நம்பியிருக்கின்றன. நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டவர்களும் பிரசவத்தில் ரத்தம் இழந்த பெண்களும் வந்து சேரும் முண்டியம்பாக்கத்தில் அந்தத் தேவை நாள்தோறும் உண்டு. முழு ரத்தத்தை வழக்கமான பையில் 35 நாள்தான் வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்கு ஐந்து நாள்தான். தலைவர்களின் பிறந்தநாள், சுதந்திர தினம் என்று ஒரே வாரத்தில் பல அமைப்புகள் முகாம் போட்டால் பை நிரம்பும். கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் ஊருக்குப் போனதும் அலமாரி காலியாகும். ரத்த வங்கி அதிகாரியிடம் 'உங்களுக்கு எந்த மாதம் வேண்டும்' என்று கேட்டு, மே மாத வெயிலில் முகாம் நடத்தும் சங்கத்துக்கு மாலையும் கூட்டமும் கிடைக்காமல் போகலாம். ஆனால் செய்யும் உதவிகளில் அதுவே பெரிது.

பேரிடர் நேரத்தில் சங்கங்களைக் குறைசொல்ல மனம் வராது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசு குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. அரசாணைக்குக் காத்திருக்காமல் அன்று மாலையே அடுப்பு மூட்டிச் சோறு போடக்கூடியவர்கள் உள்ளூர்ச் சங்கத்தார், வணிகர்கள், இளைஞர் மன்றங்கள்தான். குறை ஒன்றுண்டு: நிவாரண வண்டி தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்றுவிடும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டிருப்பவர்கள் அந்தச் சாலையிலிருந்து தள்ளித்தான் இருக்கிறார்கள். குடும்ப அட்டை இல்லாதவருக்கு அரசுப் பணமும் எட்டாது.

இந்தப் பகுதியில் அந்தக் கடைசி இடத்தில் இருப்பவர்கள் இருளர் பழங்குடியினர். செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு வேலைக்குப் போகிறவர்கள். முகாம் அன்று ஊரிலேயே இருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் போர்வையைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. பழங்குடிச் சாதிச் சான்றிதழ். அதைத் தமிழ்நாட்டில் வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். தாத்தா பாட்டிக்குச் சான்று இல்லாத குடும்பம் அந்த அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்கும்? சான்றிதழ் இல்லாமல் பழங்குடியினருக்குரிய உதவித்தொகையோ இட ஒதுக்கீடோ அந்தக் குழந்தைக்குக் கிடைக்காது.

திண்டிவனத்தில் அந்த நடையை அவர்களோடு சேர்ந்து நடந்தவர் பேராசிரியர் பிரபா கல்விமணி. இயற்பியல் பேராசிரியராக இருந்த அவர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியே சான்றிதழுக்காகவும், பொய் வழக்குகளுக்கும் காவல்துறை வன்முறைக்கும் எதிராகவும் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறார். அவரிடம் வணிகர்களின் நிதி இல்லை, சங்க ஆளுநரின் வருகை இல்லை. ஆனால் அவர் கேட்டது உரிமை. அதனால் பலரைப் பகைத்துக்கொள்ளவும் நேர்ந்தது. சேவைச் சங்கங்களில் கட்சி அரசியல் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். நடைமுறையில் அது 'எந்த அதிகாரியிடமும் உரசல் வேண்டாம்' என்பதாக விரிந்துவிட்டது. சங்கத்தில் இருப்பவர்கள் ஆடிட்டர், வழக்கறிஞர், மருத்துவர், ஆலை முகவர், ஓய்வுபெற்ற அதிகாரி. இருளர் குடும்பம் ஒன்றின் விண்ணப்பத்தைச் சரியாக எழுதிக் கொடுத்து, அலுவலகத்தில் கூட நிற்க இவர்களைவிடத் தகுதியானவர் யார்? இதற்கு நிதிகூட வேண்டாம், சில மாதங்களுக்குத் தொடர்ந்து போகும் பொறுமை போதும்.

கொடுப்பதோடு நின்றுவிடும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2023 பிப்ரவரியில் மாவட்டமே பார்த்தது. விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் அனுமதியில்லாமல் இயங்கிய காப்பகம் ஒன்றிலிருந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். பலர் முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இதுபோன்ற இல்லங்களுக்குப் பிறந்தநாளன்று சோறு போடுவதும் அரிசி மூட்டை இறக்குவதும் நம் ஊர்களில் பரவலான தருமம். இறக்கும் கை, பதிவுச் சான்று எங்கே என்று கேட்பதில்லை. உள்ளே இருப்பவர்களோடு பத்து நிமிடம் பேசுவதுமில்லை.

இந்த ஜூலையில் பொறுப்பேற்கும் விழுப்புரம், திண்டிவனம் சங்கத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய திட்டம் எதையும் அறிவிக்க வேண்டாம். போன ஆண்டு முகாம் வழியே அறுவை செய்துகொண்டவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டில் முகாமுக்கு வராத முதியவர் யாராவது இருந்தால், துணைக்கு வருபவரின் மூன்று நாள் கூலியைச் சங்கமே கொடுத்து அவரையும் அழைத்துப் போங்கள். ஏரிக்கரையில் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளின் பெயரை எழுதி வாருங்கள். அடுத்த ஜூன் மாத அறிக்கையில் அந்தப் பெயர்களில் எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று அச்சிட்டு, பாக்கியை அடுத்த தலைவரின் கையில் எழுத்தில் கொடுங்கள்.