சுவையும் சமுதாயமும்: பம்பாய் ஆலைப்பகுதி உணவகங்கள் பற்றி ஒரு நோக்கு

"என் உள்ளத்தைத் தொட்டது, ஆகவே நன்று" என்று தீர்ப்புக் கூறும் இலக்கிய ரசனை முறையை நம்மிடையே பலர் கேள்விக்குள்ளாக்கியுள்ளனர். ஒரு படைப்பு எக்காலத்தில், எவரது வாழ்விலிருந்து, எவருக்காகப் பிறந்தது என்று கேளாத ரசனை குறைப்பார்வையே என்பதும் ஓரளவேனும் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆயினும் அதே ரசனை முறை இன்னொரு துறையிலே எவ்விதத் தடையுமின்றி ஆட்சி செலுத்தி வருகின்றது. உணவக விமர்சனம் என வழங்கும் துறையே அது.

பெருநகரங்களின் நாளேடுகளிலும் சஞ்சிகைகளிலும் வெளிவரும் இவ்வகை எழுத்தை அற்ப விஷயமென ஒதுக்குதல் தகாது. நகரத்து நடுத்தர வர்க்க இளைஞன் கவிதை நூலின் மதிப்புரையைப் படிக்கிறானோ இல்லையோ, எந்த வீதியில் எந்த உணவகம் சிறந்தது என்பதைத் தவறாது படிக்கிறான். தன் நகரத்தை எக்கண் கொண்டு பார்ப்பது என்பதையும் அதனூடாகவே கற்கிறான். எனவே இவ்வெழுத்து எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என ஆராய்வது நம் கடமையாகிறது. அதற்குப் பம்பாய் நகரின் லோயர் பரேல் பகுதியைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

1995இல் மும்பை எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நகரில், வெளியே உண்ணச் செல்வோர் நாடும் பகுதிகளுள் லோயர் பரேலும் ஒன்று. அங்குள்ள உணவகங்களிற் பல, பழைய பஞ்சாலைகளின் வளவுகளுக்குள் அமைந்தவை. ஃபீனிக்ஸ் ஆலை இன்று பெரும் வணிக வளாகம். அதன் புகைபோக்கி மட்டும் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. உணவக விமர்சகர் இத்தகைய இடங்களுக்குள் நுழைந்ததும் பூச்சில்லாச் செங்கற் சுவரையும் இரும்புத் தூண்களையும் உயர்ந்த கூரையையும் வியந்து, "பழமையின் எழில்" என்று எழுதுகிறார். பின்பு குழம்பின் காரம், மீனின் பதம், பரிமாறுவோரின் பணிவு, விலை ஆகியவற்றைக் கூறி முடிக்கிறார். அக்கூரை உயர்த்தப்பட்டது நெசவு யந்திரங்களுக்கு வெளிச்சம் வேண்டுமென்பதற்காக. அந்த யந்திரங்களின் முன் நின்றவர்கள் எங்கே போயினர், அவர்கள் எங்கே உண்டனர் என்ற வினா அவருக்கு எழுவதேயில்லை.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் வியப்பூட்டும் ஓர் உண்மையைக் காண்பர். இப்பகுதிக்கு "வெளியே உண்ணுதல்" புதிதன்று. அதனை இங்கு வழக்கமாக்கியவர்கள் தொழிலாளரே. பம்பாயின் முதலாவது பஞ்சாலை 1856இல் தார்தேவில் இயங்கத் தொடங்கியது. ஆலைகள் பெருகவே, கொங்கணக் கரையிலிருந்தும் சத்தாரா, கோலாப்பூர் முதலிய மேட்டுநில மாவட்டங்களிலிருந்தும் பல்லாயிரவர் வந்து சேர்ந்தனர். மனைவி மக்களைக் கிராமத்தில் விட்டுவந்து, ஊர்ச் சங்கங்களின் அறைகளில் நெருக்கியடித்துத் தங்கிய அவர்களுக்குச் சமைத்துண்ண இடமுமில்லை, நேரமுமில்லை. அவர்களுக்குச் சோறிட்டவை "கானாவள்" எனப்படும் சாப்பாட்டு வீடுகள்.

கானாவளை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆலைத் தொழிலாளியின் மனைவியோ விதவையோ, தான் குடியிருந்த ஓரறை வீட்டிலேயே அடுப்பு மூட்டி, முறை மாறி வேலைக்குச் சென்ற ஆண்களுக்கு நேரந்தோறும் உணவு சமைத்தாள். கொங்கணத்தாருக்குச் சோறும் மீனும். மேட்டுநிலத்தாருக்குச் சோள ரொட்டியும் பருப்பும். கணக்கு மாத முடிவிலேதான் தீர்க்கப்பட்டது. அதுவரை தானியம் வாங்க அவள் வட்டிக்காரனிடம் கடன்பட்டாள். வேலைநிறுத்தம் வந்தால் அந்தக் கணக்கும் நின்றது, சோறு நிற்கவில்லை. ஆலை வரலாற்றை எழுதுவோர் சங்கங்களையும் தலைவர்களையும் குறிப்பிடுவர். 1928இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் தொழிலாளர் ஆறு மாத காலம் நிகழ்த்திய பொது வேலைநிறுத்தத்தைப் போற்றுவர். அத்தகைய போராட்டங்களைத் தாங்கிய தூண்களில் ஒன்று, கடனுக்குச் சோறிட்ட இப்பெண்ணின் அடுப்பு என்பதை மீனா மேனனும் நீரா அதர்க்கரும் 2004இல் வெளியிட்ட வாய்மொழி வரலாறு போன்ற சில நூல்களே எடுத்துரைக்கின்றன. இப்பெண்களை ஒன்றுதிரட்டி, வட்டிக்காரரின் பிடியிலிருந்து விடுவித்து, தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளிடம் கடன் பெற வழிசெய்யும் நோக்குடன் 1975இல் அன்னபூர்ணா மகளிர் மண்டலை நிறுவியவர், கம்யூனிஸ்ட் இயக்கத்தில் வளர்ந்த பிரேமா புராவ் அவர்கள்.

இவ்வாறு கூறுவதால் கானாவளைப் பொற்கால ஓவியமாகத் தீட்டிவிடலாகாது. அங்கும் பந்தி பிரிந்தே இருந்தது. ஊரும் சாதியும் பார்த்தே தொழிலாளர் சாப்பாட்டு வீட்டைத் தேர்ந்தனர். ஆலைக்குள்ளும் இதே நிலைதான். நெசவுப் பிரிவிற் கூலி அதிகம். ஆனால் நூல் தீர்ந்த நாடாவில் புது நூலைக் கோக்க, அதன் துளையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். தாழ்த்தப்பட்டவன் வாய் பட்ட நாடாவைத் தொடமாட்டோமெனச் சாதி இந்துத் தொழிலாளர் கூறினர். அப்பிரிவின் கதவு தாழ்த்தப்பட்டோருக்கு அடைபட்டது. பரேல் பகுதிக் குடியிருப்பிலே வளர்ந்த அம்பேத்கர், 1928 வேலைநிறுத்தத்தின்போது எழுப்பிய பிரச்சினைகளில் இது முதன்மையானது. எச்சில் பற்றிய அச்சம் சோற்றுத் தட்டிலிருந்து கூலிச் சீட்டு வரை நீண்டது என்பதைத் தேநீர்க் கடை வாயிலிற் போராட்டம் நிகழக் கண்ட நம் நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. வர்க்க ஒற்றுமை பேசியோர் இதனைத் தள்ளிப்போடக்கூடிய விஷயமாகக் கருதியது இயக்கத்துக்குப் பெருங்கேடாயிற்று.

1982 ஜனவரி 18ஆந் திகதி, டாக்டர் தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது முறைப்படி முடித்துவைக்கப்படாமலே சிதைந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். தொழிலாளர் ஊர் திரும்பவே கானாவள்களின் அடுப்புகளும் அணைந்தன. இதற்குள் ஆலையைவிட ஆலை நின்ற நிலமே விலையுயர்ந்த பண்டமாகிவிட்டது. அந்நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர். அதனை விற்கவும் கட்டடம் எழுப்பவும் 1991இல் வகுக்கப்பட்ட விதி, மூன்றிலொரு பங்கு பொதுவெளிக்கும், மூன்றிலொரு பங்கு பொது வீடமைப்புக்கும், எஞ்சியது உடைமையாளருக்கும் எனக் கூறியது. 2001இல் விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத வெற்று நிலத்தில் மட்டுமே இப்பங்கீடு செல்லும் என்றாயிற்று. பொதுமக்களின் பங்கு சுருங்கியது. பம்பாய் உயர்நீதிமன்றம் 2005இல் அத்திருத்தத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோதும், 2006இல் உச்சநீதிமன்றம் திருத்தத்தையே நிலைநாட்டியது. உணவக விமர்சகர் வியக்கும் செங்கற் சுவருக்குப் பின்னாலுள்ள வரலாறு இதுவே.

தொழிலாளி கையிலேந்தி நின்றபடி உண்ட வடா பாவ், இன்று அதே நகரின் உயர்தர உணவகங்களிற் பீங்கான் தட்டில் அலங்காரத்துடன் வருகிறது. உருவம் காப்பாற்றப்பட்டு உள்ளடக்கம் வெளியேற்றப்பட்டுவிட்டது. இலக்கியத்தில் இதனை உருவவாதம் என்போம். உணவு மேசையில் அதற்குப் "பாரம்பரியம்" என்று பெயர்.

இவ்வெழுத்தின் மௌனம் எத்துணை ஆபத்தானது என்பதை 2017 டிசம்பர் மாதம் காட்டிற்று. அம்மாதம் 29ஆந் திகதி நள்ளிரவு கடந்த வேளையில், லோயர் பரேலின் கமலா ஆலை வளாகத்துக் கூரைமேல் உணவகங்களில் தீ பரவியது. 14 பேர் இறந்தனர். அவருட் 11 பேர் பெண்கள். பலர் கழிப்பறையில் ஒதுங்கிப் புகையில் மூச்சடைத்து மடிந்தனர். அனுமதியற்ற கூரை அமைப்பும் பாதுகாப்பு விதி மீறல்களும் பின்னரே வெளிவந்தன. அத்தகைய கூரைமேல் உணவகங்களின் விளக்கொளியையும் இசையையும் வருணிக்கப் பக்கங்கள் இருந்தன. தீ பிடித்தால் வெளியேற வழி எது என்று கேட்க ஒரு வரி இடமிருக்கவில்லை. மேசையில் இருந்தவரது உயிரையும் காக்க உதவாத ரசனையாகவே அது முடிந்தது.

அதற்குப் பதினொரு நாள் முன்னர், டிசம்பர் 18ஆந் திகதி விடியுமுன், அதே நகரின் சாக்கிநாக்காப் பகுதியிலுள்ள பலகாரக் கடையொன்றில் தீப்பற்றியது. பலகாரம் செய்த அவ்விடத்திலேயே உறங்கிக்கொண்டிருந்த 12 தொழிலாளர் மடிந்தனர். இருவகை மரணமும் நம் துயரத்துக்கு உரியவை. ஆனால் முந்தியவர்கள் நகரின் நினைவில் நின்ற அளவுக்குப் பிந்தியவர்கள் நிற்கவில்லை. பரிமாறப்பட்ட இடம் நகரத்தின் முகமாகவும், சமைக்கப்பட்ட இடம் நகரத்தின் முதுகாகவும் கருதப்படுவதே இதற்குக் காரணம்.

"அப்படியாயின் சுவைபட உண்பது குற்றமா?" என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். ஒருபோதும் இல்லை. எட்டு மணி நேர வேலைக்குப் போராடிய தொழிலாளி, ஓய்வையும் நல்லுணவையும் உரிமையென்றே கேட்டான். வறுமையைப் புனிதமாக்கி நாவடக்கம் போதிப்பது மடாதிபதிகளின் வேலை. முற்போக்காளரின் வேலை அன்று. சுவை சிலருக்கு உரிமையாகவும் பலருக்கு உழைப்பாகவும் பிரிந்து கிடப்பதையே நாம் எதிர்க்கிறோம். சமைப்பவனும் தான் சமைத்ததை அமர்ந்துண்ணும் நிலை வரவேண்டும் என்பது சுவையை மறுப்பதாகாது. அதை எல்லோருக்கும் உரியதாக்குவதாகும்.

ஆதலின் உணவக விமர்சனம் ஒழிய வேண்டுமென நாம் கூறவில்லை. அது வளர வேண்டும். குழம்பின் ருசியைக் கூறுபவர், அடுக்களையின் வெப்பத்தையும் கூறட்டும். பரிமாறுபவரின் புன்னகையைப் பாராட்டுபவர், அவரது கூலியையும் அவர் உறங்கும் இடத்தையும் கேட்டறியட்டும். கட்டடத்தின் பழமையை வியப்பவர், அது எவரிடமிருந்து எவ்வாறு கைமாறியது என்பதை ஒரு பந்தியிலாவது எழுதட்டும். வெளியேறும் வாயில் எங்கே என்று பார்ப்பதும் விமர்சனத்தின் பகுதியே.

மராத்தியக் கவிஞர் நாராயண் சுர்வே (1926–2010) கைக்குழந்தையாகக் கைவிடப்பட்டு, ஆலைத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்தவர். உணவகத்தில் எச்சிற் பாத்திரம் கழுவியவர். 1966இல் வெளிவந்த தம் கவிதைத் தொகுதிக்கு அவர் இட்ட பெயர் "என் பல்கலைக்கழகம்" என்பது. அவர் பயின்ற பல்கலைக்கழகம் பம்பாய் வீதியும் அதன் உழைப்பாளரும் என்க. பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று பார்ப்பவனுக்கும் உணவகம் தெரிகிறது; மேசையிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாத பகுதியும் தெரிகிறது. அந்தப் பார்வையைப் பெறும் நாளிலேதான் உணவைப் பற்றிய எழுத்து விமர்சனம் என்னும் பெயருக்கு உரியதாகும்.