படுக்கையருகே நிற்கும் தமிழ்

மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தல் ஆகுமோ என்று ஐயுறுவோர் இன்றும் உளர். அந்த ஐயத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கர் ஒருவர் செய்கையால் தீர்த்துவைத்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார்; 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களையும் தமிழில் ஆக்கி அளித்தார். கலைச்சொல்லை முதலில் தமிழில் தேடுக. இல்லையேல் வடமொழியில் தேடுக. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழொலியில் எழுதுக என்பது அவர் கொண்ட முறை.

முறை நன்றே. ஆயினும் வடமொழி வாயில் அளவுக்கு மிஞ்சித் திறக்கப்பட்டது. 'அங்காதிபாதம்' என்னும் பெயர், பாதாதிகேசம் பயின்ற புலவருக்கு இனிக்கலாம். ஏனையோர்க்கு உரை வேண்டும். மருத்துவ மாணவனுக்கு இதனால் பெருங்கேடில்லை. அவன் நூலிலிருந்து நோயாளியிடம் செல்பவன். துணைத்தாதியோ நோயாளியின் வாய்ச்சொல்லிலிருந்து தொடங்க வேண்டியவள்.

இவ்வேறுபாடு கிள்ளான் பள்ளத்தாக்கில் நன்கு விளங்கும். மலாயாத் தோட்டங்களில் மருந்து கொடுத்த டிரெசர்களுள் யாழ்ப்பாணத்தார் பலர். பால்மரம் வெட்டியவர்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சிற்றூரார். இருவரும் தமிழரே. எனினும் யாழ்ப்பாணத்தில் 'வருத்தம்' என்றால் நோய், தமிழ்நாட்டில் மனத்துயர். 'என்ன வருத்தம்?' என்ற வினாவுக்குக் காய்ச்சற்காரியும் விடை கூறலாம், பிள்ளையை இழந்தவளும் கூறலாம்.

தோட்டம் விட்டு நகர்ப்புறம் குடியேறிய முதியோர்க்கு இன்று மற்றொரு தொல்லை. 'தலை வலிக்குது' என்பதும் 'தலை சுத்துது' என்பதும் மலாய்க்குப் போகும்போது 'பெனிங்' என்ற ஒரே சொல்லாகிவிடுவதுண்டு. தலை சுற்றுபவரைத் தனியே எழுந்து நடக்க விடலாகாது. இரண்டும் ஒன்றாய்க் குறிக்கப்பட்டால் அந்த எச்சரிக்கை மறைந்துபோகும்.

நோய்ப் பெயர்களிலும் கருத்து வேண்டும். நீரிழிவை யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்பர். தமிழ்நாட்டார் சர்க்கரை வியாதி என்பர். இந்நாட்டில் 'இனிப்பு நீர்' என்பதே பெருவழக்கு. 'கெஞ்சிங் மானிஸ்' என்னும் மலாய்ப் பெயருடன் ஒத்து நடப்பது. கிழவிக்கும் பேரனுக்கும் ஒருங்கே விளங்குவது. எளிமையில் இதற்கு ஈடில்லை. ஆனால் இனிப்பே பகை என்னும் எண்ணத்தையும் இச்சொல் உடன் கொண்டுவருகிறது. மருந்துண்டு உணவு தவறிய நோயாளிக்கு வியர்த்துக் கை நடுங்கி அறிவு தடுமாறினால், இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருக்கக்கூடும். நினைவோடு விழுங்கக்கூடியவராயின் அவருக்குச் சர்க்கரை நீர் கொடுத்தலே உடனடி உதவி. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. 'இனிப்பு நீர்க்காரருக்கு இனிப்பா?' என்று அக்கணத்தில் கை தயங்குமாயின், குற்றத்தில் ஒரு பங்கு பெயருடையது. பெயரை மாற்றுதல் ஆகாத காரியம். பெயரோடு இவ்விதிவிலக்கையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

'இரத்தக் கொதிப்பு' இன்னும் பொல்லாதது. கொதிப்பதாயின் உடலுக்குத் தெரியவேண்டுமன்றோ? மிகை அழுத்தமோ பெரும்பாலும் அளந்தாலன்றித் தெரியாது. கொதிப்பொன்றும் இல்லையே என்று மாத்திரையை நிறுத்துவோர்க்கு அச்சொல்லே துணைநிற்கிறது. 'இரத்த அழுத்தம்' என்பதே ஏற்புடைத்து.

'படுக்கைப்புண்' பழுதற்ற சொல். படுக்கையில் கிடப்பதால் வரும் புண் எனக் காரணத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் வழக்கத்தை விளக்க வேறு உரை வேண்டா. குறை அதன் விளக்கத்தில் உள்ளது. முதற்குறி 'தோல் சிவத்தல்' என்றே ஆங்கில நூல்வழி எழுதிவிடுகின்றனர். வெள்ளைத்தோலைக் கண்டு எழுதிய வாக்கியம் அது. கருநிறத் தோலில் அச்சிவப்பு எளிதிற் புலப்படாது. அவ்விடம் சுற்றிலும் உள்ளதைவிடக் கருத்திருக்கும், தொட்டால் வெதுவெதுப்பாகவோ இறுகியோ இருக்கும். தமிழ் முதியவரின் இடுப்பையும் குதிகாலையும் பார்க்கும் துணைத்தாதிக்குக் 'கருத்தல்', 'சுடுதல்', 'இறுகுதல்' என்னும் மூன்றையும் பாடநூல் முதலில் சொல்லட்டும். சிவத்தலைப் பின்னர்ச் சொல்லலாம்.