எழுவாய் எங்கே போனது?

பெரிய நிறுவனங்கள் வருடா வருடம் வெளியிடும் சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட், அதாவது நிலைத்தன்மை அறிக்கைகளைக் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஷேர் வாங்குகிற உத்தேசமெல்லாம் இல்லை. ஒரு நாவலை வாசிப்பதுபோல, யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், எந்த இடத்தில் அவசரமாகத் தாண்டிப் போகிறார் என்று பார்க்கத்தான்.

மரம் நடும்போது இந்த அறிக்கைகளில் எழுவாய் கம்பீரமாக நிற்கும்: ‘நாங்கள் நட்டோம்.’ ஒரு தொழிலாளி செத்துப்போகும்போது அதே ‘நாங்கள்’ நழுவிவிடும்: ‘துரதிர்ஷ்டவசமாக ஒரு சம்பவம் நிகழ்ந்தது.’ தோன்றா எழுவாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதில் ஆள் மறைந்திருந்தாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். இங்கே எழுவாய் இடத்தில் ‘சம்பவம்’ உட்கார்ந்திருக்கிறது. தேடினாலும் ஆள் கிடைக்க மாட்டார்.

2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு, வாகனத் துறையின் முதலிடத்தை ஃபோக்ஸ்வாகனுக்குக் கொடுத்தது. அதே மாதம் 18ஆம் தேதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நோட்டீஸ் விட்டது. டீசல் கார்களுக்குள் ஒரு மென்பொருள் இருந்தது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் அது புகையைக் கட்டுப்படுத்தும். சாலைக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை. உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். அக்டோபரில் குறியீட்டிலிருந்து பெயரைத் தூக்கினார்கள்.

பொய் சொன்னார்கள் என்பது பழைய செய்தி. அந்த மென்பொருள் வேலை செய்த விதம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. பார்க்கிற கண் யாருடையது என்று தெரிந்துகொண்டு, அதற்கு முன்னால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்வது. நிறைய அறிக்கைகளின் உரைநடையும் இப்படித்தான் ஓடுகிறது.

அந்தக் கண் முதலீட்டாளருடையது. காலாண்டு முடிவு வந்ததும் நடக்கும் முதலீட்டாளர் அழைப்புகளின் எழுத்து வடிவம் நிறுவனங்களின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ரேடியோ நாடகம் மாதிரி இருக்கும். முதலில், இங்கே எதிர்காலம் பற்றிச் சொல்வது எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றொரு பொறுப்புத் துறப்பு. பிறகு ஒரு அனலிஸ்ட் வந்து, “கங்கிராட்ஸ், குட் செட் ஆஃப் நம்பர்ஸ் சார்” என்பார். அடுத்து மார்ஜின், கடன், புதிய ஆர்டர். விபத்து எண்ணிக்கை பற்றி யாராவது வாய் திறந்தால் அது அதிசயம்.

எல்லாமே பச்சைப் பூச்சு என்று தூக்கிப்போடும் நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செபி 2021 மே மாதம் பிஆர்எஸ்ஆர் என்ற படிவத்தைக் கொண்டுவந்தது. சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் அது கட்டாயம். படிக்க வறட்சியாக இருக்கும், சரி. ஆனால் கேள்வி வெளியிலிருந்து வருவதால் கதைசொல்லிக்குத் தப்பிக்கிற இடம் குறைவு. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், நிரந்தரமல்லாதவர் எத்தனை பேர் என்று தனித்தனி வரிசை. இந்த வருடம் எத்தனை உயிரிழப்பு, போன வருடம் எத்தனை என்று பக்கத்துப் பக்கத்தில் கட்டம். அட்டைப்படத்தில் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கும் பெண், இதில் எந்த வரிசையில் வருவார் என்று நான் தேடிப் பார்ப்பதுண்டு. வழவழப்பான முதல் ஐம்பது பக்கங்களைத் தாண்டிவிட்டு நேராக இங்கே வாருங்கள் என்பதுதான் என் சிபாரிசு.

இங்கேயும் உஷார் தேவை. வேலைச் சூழல், பாதுகாப்பு பற்றித் தொழிலாளர்களிடமிருந்து வந்த புகார்கள் எத்தனை என்று ஒரு கேள்வி உண்டு. ‘இல்லை’ என்ற பதில் அங்கே சர்வசாதாரணம். ஆயிரக்கணக்கானவர்கள் மூன்று ஷிஃப்டில் உழைக்கிற ஆலையில், வருடம் முழுக்க ஒருவருக்குமா குறையே இல்லை? புகார் பெட்டி எங்கே இருக்கிறது, காண்டிராக்ட் ஆள் அதில் சீட்டுப் போட்டால் அடுத்த வாரம் கேட் பாஸ் கிடைக்குமா? அந்த ‘இல்லை’க்குப் பக்கத்திலேயே ‘குறிப்புகள்’ என்று ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள். அதில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கும்.