பரபக்கத்துப் பௌத்தமும் இற்றைப் பௌத்தமும்

ஒரு சமயத்தை மறுக்கப் புகுவார், அச்சமயத்தார் இன்று யாது கொள்கின்றனர் என முதற்கண் தெளிதல் வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞானசித்தியார்ப் பரபக்கம், சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்னும் நால்வகைப் பௌத்தரையும் எடுத்து மறுக்கின்றது. அம்மறுப்பை அவ்வாறே இக்காலப் பௌத்தர்மேற் செலுத்துதல் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயப்படும்.

துக்கம், அதன் தோற்றம், அதன் நீக்கம், நீக்கும் நெறி என்னும் வாய்மை நான்கும், நிலைத்த ஆன்மா இல்லை என்பதும் புத்தர் உரைத்தனவாகப் போற்றப்படுவன. மணிமேகலையின் 30-ஆம் காதை பன்னிரு சார்பினையும் முறைப்படக் கூறுகின்றது. அந்நூலிலேயே கடற்றெய்வம் ஒன்று தலைவிக்கு மூன்று மந்திரங்களை அறிவுறுத்தலும், மணிபல்லவத்துப் பீடிகை பழம்பிறப்பு உணர்த்தலும் காணப்படும். 11-ஆம் நூற்றாண்டு வீரசோழியமோ, அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்கின்றது. 1006-இல் முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளித்தான். இரந்துண்ட சங்கம் ஊர்வருவாய் பெறுவதாயிற்று. மேடவாக்கத்திற்கு அணித்தாகிய பல்லாவரத்துக் குகைக்கோயிலைக் குடைவித்த மகேந்திரவர்மன், தன் மத்தவிலாசத்தில், கள்ளும் மகளிரும் பிக்குகட்கு ஏன் விலக்கப்பட்டன என ஏங்கும் பிக்கு ஒருவனை நகையாடினான். ஆகவே பௌத்தம் மாறியது இன்று நேற்றன்று என்க.

இக்கால மாற்றம் இவற்றினும் ஆழமுடைத்து. 1898-இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907-இல் பேராசிரியர் இலட்சுமி நரசு பௌத்தத்தை அறிவியலோடு இயைத்து ஆங்கிலத்தில் நூல் செய்தார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியிற் பெருந்திரளானோருடன் பௌத்தந் தழுவிய அம்பேத்கர், மறைவின்பின் 1957-இல் வெளிவந்த தம் நூலில், முற்பிறப்பு வினை இப்பிறப்பிற்குக் காரணமாம் என்பது புத்தர் கொள்கையன்று என நிறுவ முயன்றார். ஏழையின் இழிநிலைக்கு அவன் பழவினையே காரணமெனின், சமுதாயம் தன் கடனினின்றும் நழுவுமென்பது அவர் கருத்து.

எல்லாம் கணந்தோறும் அழியுமாயின் முன்செய்த வினையை நுகர்வார் யார் என்பது சித்தாந்திகளின் கூரிய வினா. வினையும் மறுபிறப்பும் கொண்ட பழைய பௌத்தர் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டனர். சந்தானத் தொடர்ச்சி கூறி அமைந்தனர். பழவினையையே விலக்கியார்மாட்டு அவ்வினா சென்று தைக்குமாறு இல்லை. அவரிடம் வேறொன்று வினவலாம்: குற்றமின்றித் துன்புற்று மாய்ந்தார்க்கு நீதி யாண்டு எய்தும்?

இம்மாற்றம் முற்றும் புதிதென்று தள்ளுதலும் ஆகாது. பிறப்பான் இழித்த அந்தணரை எதிர்த்து வழக்கிட்டுப் பின் அமுதசுரபியாற் பசி தீர்த்த ஆபுத்திரன் வரலாறு மணிமேகலையிலேயே உளது. பிறப்பிழிவு களைதலும் பசி களைதலும் அன்றே அறமாக வைக்கப்பட்டன. அவ்விழையைப் பற்றிக்கொண்டு, பழம்பிறப்பு உணர்ச்சி என்னும் இழையை அறுத்தனர் இக்காலத்தார். அறுத்ததனால் துறவும் வீடும் தம் பழைய இடத்தை இழந்தன என்பது நடுநிலையாளர் கூறத்தக்க குறை.

எனினும், வினைக்கொள்கை சமுதாயக் கொடுமைக்குப் போர்வையாகும் என்ற குற்றச்சாட்டு, வினையுண்மை கொள்ளும் சைவர்க்கும் உரியதே. வினை அவரவர் செயலுக்கு அவரவரைப் பொறுப்பாக்குவது. பிறர் துயர் கண்டு வாளாவிருப்பார்க்கு அவ்வாளாமையும் வினையேயாம். இதனை வாயாற் கூறி அமையாது ஒழுகிக் காட்டுதலே அக்குற்றச்சாட்டிற்குத் தக்க மறுமொழி.