விழக் கற்றுத் தரும் கூடம்

போடிநாயக்கனூரில் பிள்ளையைச் சிலம்பத்திலோ கராத்தேயிலோ சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் கேட்பது பதக்கக் கணக்கைத்தான். மாவட்டப் போட்டியில் எத்தனை, மாநிலத்தில் எத்தனை, சான்றிதழ் செல்லுமா, மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவுமா? கேட்பதில் தவறே இல்லை. ஆனால் இந்த ஒரு கணக்கை வைத்தே ஒரு பயிற்சிக் கூடத்தை எடைபோட்டால், அந்தக் கூடம் ஊருக்குச் செய்ய வேண்டிய பெரிய வேலை நம் கண்ணில் படாமலே போய்விடும். வந்தவர்களில் எத்தனை பேர் அடிபடாமல் விழக் கற்றார்கள், எந்த வயது வரை கூடத்தை விடாமல் வந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். இதை விளக்க, நம் பக்கம் அதிகம் பழக்கமில்லாத ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையை எடுத்துக்கொள்கிறேன். அதன் முதன்மை மரபு பதக்கம் என்ற ஒன்றே இல்லாமல் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

ஐகிடோவை உருவாக்கிய மொரிஹேய் உயெஷிபா 1883இல் ஜப்பானின் தனாபே ஊரில் பிறந்தவர். ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ 1930இல் அவருடைய செயல்விளக்கத்தைப் பார்த்துவிட்டு, தம் மாணவர்கள் சிலரையே அவரிடம் கற்க அனுப்பினார். அடுத்த ஆண்டு டோக்கியோவில் உயெஷிபாவின் கூடம் எழுந்தது. அங்கிருந்து வந்த முதன்மை மரபு இன்றுவரை போட்டி நடத்துவதில்லை. வகுப்பு நடக்கும் விதம் எளியது. ஆசிரியர் நடுவில் நின்று ஓர் உத்தியைச் செய்துகாட்டுவார். பிறகு எல்லோரும் இருவர் இருவராகப் பிரிவார்கள். ஒருவர் மணிக்கட்டைப் பிடிப்பார், அல்லது தலையில் வெட்டுவதுபோல் கையை இறக்குவார். மற்றவர் விலகி, அந்த வேகத்தைத் தன் பக்கம் வாங்கி, வந்தவரின் நிலையைக் கலைத்துத் தரையில் இறக்குவார். வலமும் இடமுமாக நான்கு முறை. அப்புறம் முறை மாறும். வீழ்த்தியவர் விழ வேண்டும், விழுந்தவர் வீழ்த்த வேண்டும். எடைப் பிரிவு, வயதுப் பிரிவு, ஆண் பெண் பிரிவு எதுவும் கிடையாது. பதினைந்து வயதுப் பெண்ணும் அறுபது வயது முதியவரும் ஜோடி சேர்வது அங்கே அன்றாடக் காட்சி. பட்டைத் தேர்வுக்கும் எண்ணப்படுவது பயிற்சி நாள்கள்தான். டோக்கியோ தலைமைக் கூடத்தின் விதிப்படி ஐந்தாம் கியூ என்ற தொடக்கத் தேர்வுக்கு 30 நாள். முதல் கியூ முடித்தவர் கருப்புப் பட்டைக்கு நிற்க மேலும் 70 நாள். யாரையும் தோற்கடித்துக் காட்ட வேண்டியதில்லை, வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த முறையில் எந்த மாணவரும் வகுப்பின் பாதி நேரம் விழுந்துகொண்டுதான் இருப்பார். அதனால் விழுவதே முதல் பாடமாகிவிடுகிறது, அது நுணுக்கமான பாடமும்கூட. பின்னால் விழும்போது முகவாய் நெஞ்சோடு ஒட்ட வேண்டும், பார்வை தன் இடுப்புப் பட்டையின் முடிச்சில் நிற்க வேண்டும். அப்போது பின்மண்டை தரையைத் தொடாது. ஒரு கால் மடங்கி, உடல் குதிகாலுக்கு அருகே தணிந்து, வளைந்த முதுகு உருள வேண்டும். முன்னால் விழும்போது சுண்டுவிரல் ஓரம் முதலில் தரையைத் தொடும். அங்கிருந்து முழங்கை, தோள், முதுகின் குறுக்கே எதிர்ப்பக்க இடுப்பு என்று உடல் சாய்வாக உருண்டு எழும். முதுகெலும்பு நேராகத் தரையில் மோதாது. கற்காதவர் விழும்போது கை தானாகவே முன்னே ஊன்றும், மணிக்கட்டு முறியும். அந்தப் பழக்கத்தை உடம்பிலிருந்து எடுக்க ஒருநாள் அறிவுரை போதாது, ஆயிரக்கணக்கான முறை விழ வேண்டும். இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானே கசப்பான சான்று. 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் அந்நாட்டுப் பள்ளிகளில் ஜூடோ பயிற்சியின்போது நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் தலைக்காயம், பலர் அப்போதுதான் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள். 2012இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானபோது இது நாடு தழுவிய விவாதமாயிற்று. ஐகிடோவும் இதில் முழுக்கத் தப்பவில்லை. கையை மடக்கித் தலைக்குப் பின்னே இறக்கும் ஷிஹோநாகே என்ற உத்தியில், பல்கலைக்கழகக் கழகங்களில் புதியவர்களின் பின்மண்டை தரையில் மோதிய விபத்துகள் நடந்திருக்கின்றன. போட்டி இல்லை என்பதால் மட்டும் ஒரு கூடம் பாதுகாப்பாகிவிடாது என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்ல வேண்டும். விழும் பயிற்சி முடியாத பிள்ளையை வீழ்த்தக் கூடாது என்ற ஒழுங்கு இருந்தால்தான் பாதுகாப்பு.

இதற்கும் போடிநாயக்கனூரை அடுத்த போடிமெட்டு மலைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நெருங்கிய உறவு இருக்கிறது. விடியும் முன்பே போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்புகள் கிளம்பி, முந்தல் சோதனைச் சாவடி தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகின்றன. பெரும்பாலும் பெண்கள். காய் எடுப்பு மும்முரமாக இருப்பது மழையும் சாரலும் விடாத மாதங்களில். ஏலச்செடியின் சரம் தூரடியில், தரையோடு கிடக்கும். குனிந்தும் குத்துக்காலிட்டும்தான் காய் பறிக்க முடியும். எழும்போது கால் வழுக்கும் ஈரச் சரிவு. முதுகிலோ தலையிலோ மூட்டை. இப்படிப்பட்ட மண்ணில் வாழ்கிறவர்களுக்கு விழுதல் என்பது தினமும் எதிர்நிற்கும் ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். சாலை விபத்துக்கு அடுத்தபடியாக எதிர்பாராத காயங்களால் அதிகம் உயிர் போவது இதில்தான். அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில். அறுபது வயது தாண்டியவர்களே அதிகம். ஐகிடோ படித்தால் சரிவில் யாரும் விழமாட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. பயிற்சி மெத்தை வேறு, பாறை வேறு. ஆனால் நிலை தடுமாறும்போது முகவாயை உள்ளே இழுக்கும் உடம்பும், கையை ஊன்றும் உடம்பும் ஒன்றல்ல. ஒரு மலையடிவார ஊரில் தற்காப்பு என்ற பெயரில் எதைச் சொல்லித் தருவது என்று யோசித்தால், திருடனை மடக்குவதைவிட இது முன்வரிசையில் நிற்கும்.

எதிர்வாதங்களில் வலுவானது, போட்டி இல்லாத கலை நாளடைவில் நடனமாகிவிடும் என்பது. தாக்குகிறவரே ஒத்துழைத்து விழுந்தால் உத்தி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. ஐகிடோவுக்குள்ளேயே இதைக் கேட்டவர் உண்டு. உயெஷிபாவின் மூத்த மாணவரும் ஜூடோ வீரருமான கென்ஜி தோமிகி 1958இல் வசேதா பல்கலைக்கழகத்தில் ஐகிடோ கழகம் தொடங்கியபோது, ரப்பர் கத்தி வைத்து மதிப்பெண் கணக்கிடும் போட்டி வடிவத்துக்கு வழிவகுத்தார். அந்த மரபும் இன்று உயிரோடு இருக்கிறது. மரியாதைக்காக விழுகிற பழக்கம் சில கூடங்களில் இருப்பது உண்மை, அது குறைதான். ஆனால் போட்டி வந்தால் உண்மை தானாக வந்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல. ஜூடோவைப் பாருங்கள். 1964இல் ஒலிம்பிக்குக்குள் வந்த அந்த விளையாட்டில், எதிராளியின் காலைக் கையால் பிடித்து வீழ்த்தும் உத்திகளை 2010இல் கட்டுப்படுத்தி 2013இல் முற்றிலும் தடை செய்தார்கள். ஆட்டம் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். விளைவு, அந்த உத்திகள் போட்டிக்குத் தயாராகும் வகுப்புகளில் ஓரம்கட்டப்பட்டன. மதிப்பெண் கிடைப்பது கற்பிக்கப்படும், கிடைக்காதது உதிரும். சிலம்பத்திலும் இது தெரிகிறது. போட்டிக்கு உரிய கம்பு வீச்சும் தொடுமுறையும் மெருகேறுகின்றன. பிடிவரிசையும் பூட்டும் அவற்றைக் கழற்றும் முறையும் மூத்த வாத்தியார்களோடு பின்தங்குகின்றன. விழக் கற்பதற்கு எந்த நடுவரும் மதிப்பெண் போடுவதில்லை. எனவே அதுவும் அதே கதிக்கு ஆளாகிறது.

இரண்டாவது எதிர்வாதம் வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்டது, அதை இன்னும் மதிப்போடு அணுக வேண்டும். காய் எடுக்கப் போகும் தாயின் மகளுக்கு ஒரு மாநிலப் பதக்கம் கல்லூரி இடமாகவோ அரசு வேலையாகவோ மாறலாம். தமிழ்நாட்டு அரசு சிலம்பத்தை மூன்று சதவீத ஒதுக்கீட்டில் சேர்த்தது நல்ல முடிவு. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது பெருமைதான். இவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் மெட்டுக்கு அந்தப்பக்கம் கேரளத்தின் களரிப்பயிற்றுக்கு நேர்ந்ததை மறக்கக் கூடாது. 2023 கோவா தேசிய விளையாட்டுப் போட்டியில் களரி பதக்கப் போட்டியாக இருந்தது. 2025 உத்தராகண்டில் அதைச் செயல்விளக்கமாக இறக்கிவிட்டார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. யாரோ எங்கோ திருத்தும் ஒரு பட்டியலை மட்டும் நம்பிக் கூடம் நடத்தினால், பட்டியல் மாறும் அன்று கூடம் காலியாகும். மேலும் மேடையில் ஏறுகிறவர் சிலர்தான். மற்றவர்கள் பத்தாம் வகுப்பு வந்ததும் கம்பை மூலையில் சாத்திவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குக் கூடம் என்ன கொடுத்தது என்பதைக் கணக்கில் சேர்க்காத எந்த அலசலும் அரைகுறைதான்.

நம் மண்ணில் சிலம்பம் இருக்க ஜப்பானியக் கலை எதற்கு என்றும் கேட்பார்கள். போடியில் ஐகிடோ கூடம் திறக்க வேண்டும் என்பது என் வாதமே இல்லை. நம் சிலம்பக் கூடத்தின் பழைய அமைப்பு ஐகிடோ வகுப்புக்கு மிக அருகில் இருந்தது. பகலில் காட்டிலும் தோட்டத்திலும் உழைத்தவர்கள் பொழுது சாய்ந்ததும் கூடினார்கள். பெரியவர் சிறுவருக்குக் காலடி திருத்தினார். கோயில் திருவிழாவில் ஊர்முன் ஆடிக்காட்டியதே தேர்வாக இருந்தது. பெண்களுக்கு அந்தக் கூடங்களில் இடம் அரிதாகவே இருந்தது. பெண் பிள்ளைகளைப் பெருமளவில் உள்ளே கொண்டுவந்ததில் போட்டி விளையாட்டுக்கு நல்ல பங்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்றைய சிலம்ப வகுப்பு வயதுப் பிரிவு, எடைப் பிரிவு என்று பள்ளிப் பிள்ளைகளோடு முடிகிறது. கூட்டிவந்த தாய் சுவரோரம் உட்கார்ந்து பார்க்கிறாள். மலையேறி வேலைக்குப் போய்ச் சரிவில் நிற்பவள் அவள். விழக் கற்க வேண்டியவர்களில் முதல் ஆளும் அவள்தான்.

உழைத்துக் களைத்த உடம்புக்கு இது சாத்தியமா? உயெஷிபா 1942இல் டோக்கியோவை விட்டு இவாமா என்ற சிற்றூருக்குப் போய் நிலம் உழுதார். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவருடைய சீடர்கள் வயல் வேலையும் பயிற்சியும் ஒன்றாகவே செய்தார்கள், ஐகிடோவின் முக்கியக் கிளை ஒன்று அங்கே முதிர்ந்தது. இருட்டில் கிளம்பி அந்தியில் திரும்பும் தோட்டத் தொழிலாளியின் நாள் அதைவிடக் கடினமானது, ஒப்பிட்டுச் சமன் செய்ய முடியாது. தினமும் வர அவர்களால் ஆகாது. வேலை இல்லாத நாளில் வாரம் ஒரு மணி நேரம் முடியும். அதற்கும் வாத்தியார் நேரம் ஒதுக்க வேண்டும், தரையில் விரிக்க மெத்தை வேண்டும், நாற்பது வயதுப் பெண் கூச்சமின்றி உருளக்கூடிய தனி இடம் வேண்டும்.

போடி நகராட்சியும் ஒன்றியத்து ஊராட்சிகளும் இளைஞர்களுக்கு மட்டையும் பந்தும் வாங்கும்போது சில மெத்தை விரிப்புகளையும் வாங்கிச் சமுதாயக் கூடங்களில் வைக்கட்டும். பரிசளிப்பு விழாவில் கோப்பை வாங்கியவரோடு, அந்த ஆண்டு அதிக நாள் வந்தவரையும் மேடையேற்றுங்கள் என்று சிலம்ப, கராத்தே ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளையைச் சேர்க்கும் நாளில் பதக்கக் கணக்கைக் கேளுங்கள், கூடவே முதல் மாதம் எப்படி விழச் சொல்லித் தருவீர்கள் என்றும் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லாத கூடத்தில் சேர்க்காதீர்கள்.